கொண்டான்: கைப்பற்றியவனைக் குறிக்கும் ஒரு சொல்லின் பொருளும் பிறப்பும்

பினாங்கிலிருந்து பாலத்தைக் கடந்து, சுங்கைப் பட்டாணி வழியாக மெர்போக்கிற்குச் சென்று வரும் தமிழர்களின் நாவில் தவறாமல் வரும் பட்டப்பெயர் ஒன்று உண்டு. அது கடாரம் கொண்டான் என்பது. ஜெராய் மலையடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்திற்குத் தமிழ்ப்பள்ளி மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர்கள், புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் கருங்கல் மேடைக்கருகே நின்று, கடாரம் என்பது இன்றைய கெடா என்றும், முதலாம் இராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கப்பற்படை அனுப்பி அதனைக் கைப்பற்றியதால் கடாரம் கொண்டான் எனப் பெயர் பெற்றான் என்றும் விளக்குவது வழக்கம். கடாரம் எது, அது எங்கே இருந்தது என்பதற்கெல்லாம் நாம் நெடுநேரம் செலவிடுகிறோம். கொண்டான் என்பதையோ விளக்கம் வேண்டாத எளிய சொல் என்று விட்டுவிடுகிறோம்.

உண்மையில் அந்தத் தொடரில் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய சொல் கொண்டான் என்பதே. ஒன்றைக் கைப்பற்றியவனுக்குத் தமிழ் தந்த மிகப் பழைய, மிகப் பரந்த பெயர் அது. ஆனால் எப்படிக் கைப்பற்றினான் என்பதையோ, கைப்பற்றியதைத் தன்னிடமே வைத்துக்கொண்டானா என்பதையோ அந்தச் சொல் தானாகச் சொல்வதில்லை. இந்த இரண்டையும் நாமாகவே அதற்குள் ஏற்றிப் படித்துவிட்டு, பிறகு அதையே வரலாறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறோம். ஆகையால் சொல்லை முதலிலிருந்து பிரித்துப் பார்ப்பது நல்லது.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது பழகிய பாதைதான். கொண்டான் என்பதில் பகுதி கொள். அதன் இறுதி ளகரம் ணகரமாகத் திரிந்து கொண் என நிற்பது விகாரம். ட் என்பது இறந்தகாலம் காட்டும் இடைநிலை. ஆன் என்பது ஆண்பால் விகுதி. செயல் நடந்து முடிந்துவிட்டது, செய்தவன் ஒருவன், அவன் ஆண் என்ற மூன்று செய்திகளும் இவ்வளவு சிறிய சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. இதே பகுதியிலிருந்து பெண்ணுக்குக் கொண்டாள் என்றும், மதிப்புடன் சொல்லும்போது கொண்டார் என்றும், பெயருக்கு முன்னே அடையாக நிற்கும்போது கொண்ட என்றும் வரும். கங்கை கொண்ட சோழன் என்பதில் உள்ள கொண்ட இப்படி வந்த பெயரெச்சம்.

கொண்டான் என்ற ஒரே வடிவம் இரண்டு வேலைகளைச் செய்கிறது என்பதைத் தொடக்கநிலை மாணவர் இங்கேயே தெரிந்துகொள்ள வேண்டும். "சோழன் கடாரத்தைக் கொண்டான்" என்னும்போது அது வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்று. "கடாரம் கொண்டானைப் பாடினர்" என்னும்போதோ அதே சொல் வேற்றுமை உருபை ஏற்றுக்கொண்டு ஓர் ஆளின் பெயராகிவிடுகிறது. இதனை இலக்கணத்தார் வினையாலணையும் பெயர் என்பார்கள். செய்தவனைச் செய்த செயலாலேயே அழைப்பது இதன் இயல்பு. காலத்தையும் அது விடாமல் காட்டும். மலாய்மொழியில் தாவான் என்ற வேர்ச்சொல்லின் முன்னே ஓர் ஒட்டைச் சேர்த்துப் பெனாவான் என்று சிறைப்பிடித்தவனுக்குப் பெயர் ஆக்குவார்கள். அந்தப் பெயரில் காலம் தெரியாது. தமிழிலோ கொண்டான் என்றவுடனேயே அந்தச் செயல் நடந்து முடிந்தது என்பது உறுதியாகிவிடுகிறது. பட்டப்பெயராக நிலைப்பதற்கு இந்த உறுதி மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து.

சரி, கொள் என்பதற்கு என்ன பொருள்? எடுத்துக்கொள்வது, பெற்றுக்கொள்வது, விலைக்கு வாங்குவது, தன்னுள் அடக்குவது, மனத்தில் ஏற்பது, மணம் முடிப்பது என அகராதி நீண்டுகொண்டே போகும். கடைக்காரரின் கொள்முதல், பாத்திரத்தின் கொள்ளளவு, மனிதரின் கொள்கை, திருடரின் கொள்ளை ஆகிய நான்கும் ஒரே வேரில் முளைத்தவை. தெலுங்கில் கொனு என்றும், கன்னடத்தில் கொள் என்றும், மலையாளத்தில் கொள்ளுக என்றும் இது வழங்குவதால், இம்மொழிகள் பிரிவதற்கு முன்பிருந்தே இருக்கும் சொல் என்று கொள்ளலாம். அன்றாடப் பேச்சிலும் இது மறையவில்லை. லிட்டில் இந்தியாக் கடைத்தெருவில் "வாங்கிக்கிட்டாங்க", "எடுத்துக்கிட்டான்" என்று காதில் விழும்போது, அந்தக் கிட்டான் என்பது கொண்டான் தேய்ந்து வந்த வடிவமே. செயலின் பயன் செய்தவனையே சேர்கிறது என்பதை உணர்த்த நாம் ஒரு நாளில் எத்தனையோ முறை இந்தத் துணைவினையைச் சேர்க்கிறோம்.

உறவுமுறையில் இந்தச் சொல் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. பெண் கொடுத்தவரும் பெண் எடுத்தவரும் ஒருவருக்கொருவர் கொண்டான் கொடுத்தான். கணவன் கொண்டவன், மனைவி கொண்டவள். "மனைத்தக்க மாண்புடையள் ஆகித் தற்கொண்டான் வளத்தக்காள் வாழ்க்கைத் துணை" என்ற குறளில் தற்கொண்டான் என்பது தன்னை மணந்துகொண்டவனைக் குறிக்கிறது. தொல்காப்பியம் கற்பு மணத்தை வரையறுக்கும் இடத்திலும், கொடுப்பதற்கு உரியவர் கொடுக்க, கொள்வதற்கு உரியவன் கொள்வதே கற்பு என்று கொள் என்ற வினையைத்தான் நடுவில் நிறுத்துகிறது. இங்கே வன்முறை எதுவும் இல்லை. ஊரறியச் சடங்குடன் நடக்கும் கொடுக்கல் வாங்கல் இது. இதே கொண்டான் போர்க்களத்தில் நின்றால் மட்டும் அதில் வாளின் ஓசை கேட்கிறது என்றால், அந்த ஓசை சொல்லிலிருந்து வருவதில்லை; கொள்ளப்பட்ட பொருள் எது என்பதிலிருந்தே வருகிறது.

பக்தி இலக்கியத்தில் இது இன்னொரு திசையில் திரும்புகிறது. ஆள் என்றால் அடிமை. ஆட்கொண்டான் என்றால் அடிமையாக எடுத்துக்கொண்டவன். சிவபெருமான் அடிமை ஓலையைக் காட்டித் திருமணத்தைத் தடுத்துச் சுந்தரரைத் தன்னவராக்கிய வரலாற்றுக்குத் தடுத்தாட்கொண்ட புராணம் என்றே பெயர். ஒரு மனிதனை அவன் விருப்பத்தைக் கேளாமல் மணப்பந்தலிலிருந்து அழைத்துப் போன செயல் அது. ஆனால் அடியவர்களுக்கு அதைவிடப் பெரிய அருள் வேறில்லை. "தந்தது உன்தன்னைக் கொண்டது என்தன்னைச் சங்கரா ஆர்கொலோ சதுரர்" என்று மாணிக்கவாசகர் கேட்கும்போது, கொண்டவன் இறைவன், கொள்ளப்பட்டவர் பாடுபவர். இந்தப் பேரத்தில் ஆதாயம் அடைந்தவர் யார் என்ற அந்தக் கேள்வியைக் கேட்க, தருதலும் கொள்ளுதலும் எதிரெதிரே நிற்கும் தமிழ் வினைகளாக இருப்பது அவருக்குப் பெரிதும் உதவுகிறது. பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலில் திருவாசகம் ஓதப்படும்போது இந்த வரியைக் கேட்டவர்கள், கொண்டான் என்ற சொல் வெற்றிவீரனுக்கு மட்டும் உரியது என்று ஒருபோதும் நினைக்க மாட்டார்கள்.

இனிப் போர்ப்பக்கம் வருவோம். தமிழில் கைப்பற்றுதலின் மிகப் பழைய காட்சி ஆநிரை கவர்தல். பகைவரின் பசுக்கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருவது வெட்சித் திணை. அதை மீட்கப் போவது கரந்தை. தொல்காப்பியம் வெட்சியின் துறைகளை அடுக்கும்போது பசுக்களைக் கைப்பற்றும் செயலுக்கு ஆகோள் என்று பெயர் சொல்கிறது. கோள் என்பது கொள் முதல் நீண்டு வந்த தொழிற்பெயர். வானத்துக் கோளுக்கும் இதே சொல்தான். வடமொழியில் கிரகம் என்பதும் பற்றுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்தே வந்தது என்பதை இங்கே நினைவிற்கொள்ளலாம். செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களில் தொறுக் கொண்ட ஞான்று என்றும், தொறு மீட்டுப் பட்டான் என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். தொறு என்பது மாட்டுக் கூட்டம், பட்டான் என்றால் இறந்தான். கல் எழுப்பப்பட்டது மீட்கப் போய் இறந்தவனுக்கு. அந்தக் கற்களில் கொண்டவன் எதிரி.

இந்த வேரிலிருந்து பிறந்த சொற்களில் மனத்தை வருத்தும் ஒன்று கொண்டி. கொள்ளையாகப் பெற்ற பொருளையும், கைப்பற்றி வந்த ஆளையும் அது குறித்தது. பட்டினப்பாலையில் கொண்டி மகளிர் நீர்த்துறையில் மூழ்கி, அம்பலத்தை மெழுகி, அந்தியில் விளக்கேற்றுகிறார்கள். பகைவர் நாட்டிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்கள் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் எழுதுகிறார். கொண்டவனுக்கும் கொள்ளப்பட்டவளுக்கும் ஒரே வேரிலிருந்து பெயர். ஒருவனுக்கு அது பட்டமாகி, கோயில் சுவரில் ஏறியது. மற்றவளுக்கு அவளுடைய இயற்பெயருக்குப் பதிலாகவே நின்றது.

சங்க காலத்து மன்னர்களின் அடைமொழிகளைப் பார்த்தால், கொண்ட என்பது அங்கே அவ்வளவாக முன்னுக்கு வரவில்லை என்பது தெரியும். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், கானப்பேரெயில் கடந்த உக்கிரப்பெருவழுதி என்று வெல்லுதலும் கடத்தலுமே பேசப்படுகின்றன. கடத்தல் என்பதற்கு அன்றைய பொருள் எதிர்த்து நின்று வெல்லுதல். ஆளைத் தூக்கிப் போகும் இன்றைய பொருளுக்கும் அதற்கும் தொலைவு அதிகம். எல்லாவற்றிலும் என்னை வியக்கவைப்பது ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் என்ற பெயர். பகைவர் கையிலிருந்த ஊரைக் கைப்பற்றியவனை, அந்த ஊரைத் தந்தவன் என்று சொல்கிறார்கள். வெட்சியின் இலக்கணத்திலும் ஆ தந்து ஓம்பல் என்றே வருகிறது. பசுக்களை இழந்த ஊருக்கு அது களவு. கொண்டுவரப்பட்ட ஊருக்கு அது கொடை. பேசுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே வினையைத் தேர்ந்தெடுக்கிறது.

கல்வெட்டுக் காலத்தில்தான் கொண்ட என்பது அரசர்களின் விருப்பச் சொல்லாகிறது. 907 முதல் 955 வரை ஆண்ட சோழ மன்னன் முதலாம் பராந்தகன், மதிரை கொண்ட கோப்பரகேசரி என்று தன் கல்வெட்டுகளில் தன்னைச் சொல்லிக்கொண்டான். மதிரை என்பது மதுரை, பரகேசரி என்பது சோழ மன்னர்களின் பட்டம். பிற்பட்ட ஆண்டுகளில் அது மதிரையும் ஈழமும் கொண்ட என வளர்ந்தது. இவ்வாறு பட்டம் நீளும் வரிசையை வைத்தே கல்வெட்டு எந்த ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். 949-இல் தக்கோலப் போரில் சோழர்களை முறியடித்த இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன் ஆனான். சோழர்கள் எழுதிய அதே வினையால் சோழரின் தஞ்சை அவனுக்குச் சொந்தமானது. பின்னர், 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போசள விஷ்ணுவர்த்தனன் காவிரிக்கரைத் தலக்காட்டைச் சோழர்களிடமிருந்து பறித்து, கன்னடத்தில் தலக்காடுகொண்ட என்று பட்டம் சூடினான். மொழி மாறியும் சொல் மாறவில்லை.

கொள்ளப்படும் பொருள் ஊராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆதித்த கரிகாலன் வீரபாண்டியன் தலைகொண்ட பரகேசரி. மூன்றாம் குலோத்துங்கன் மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளியவன். தலைகொண்ட என்றால் தலையைக் கொய்தான் என்று எளிதாகப் பொருள் கொண்டுவிடத் தோன்றும். ஆனால் குலோத்துங்கன் காலத்துப் பாண்டியன் பின்னரும் உயிரோடு வந்து அடிபணிந்ததாகவும், அவனுடைய முடியின்மேல் சோழன் காலை வைத்ததாகவும் கல்வெட்டுகள் சொல்வதால், முடித்தலை கொள்ளுதல் என்பது அவனுடைய மானத்தைக் கொண்டது என்றே இங்கே பொருள்படும். ஆதித்தன் விஷயத்தில் இது உண்மையாகவே தலை கொய்தலா, அடக்குதலா என்று அறிஞர்கள் இன்னமும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சொல் அதற்கு இடம் கொடுக்கிறது என்பதே அந்த வாதத்திற்குக் காரணம்.

இப்போது நம் கடாரத்திற்கு வரலாம். கடாரம் என்ற பெயரை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: வடமொழி ஏடுகள் இதனைக் கடாஹ என்கின்றன, பட்டினப்பாலையில் வரும் காழகம் என்பதற்கும் நச்சினார்க்கினியர் கடாரம் என்றே உரை எழுதினார். நாம் நின்று படிக்க வேண்டியது இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியை, அதாவது அவனுடைய வெற்றிகளைப் புகழ்ந்து கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் பகுதியை. "திருமன்னி வளர" என்று தொடங்கும் அதன் முழு வடிவம் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அது நீண்ட ஒரே வாக்கியம். இடைதுறை நாடும், வனவாசியும், கொள்ளிப்பாக்கையும், மண்ணைக் கடக்கமும், ஈழத்தரசர் முடியும், அவர்தம் தேவியர் முடியும், பாண்டியர் ஈழத்தில் ஒப்படைத்து வைத்திருந்த சுந்தர முடியும், இந்திரன் ஆரமும் என்று உம் உம் என அடுக்கிக்கொண்டே போய், கங்கைக்கரை நாடுகளையும் கடந்து, "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று கடலில் இறங்குகிறது. பிறகு ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று ஊர்களும் தீவுகளும் வருகின்றன. "தொடுகடல் காவல் கடுமுரண் கடாரமும் மாப்பொரு தண்டால் கொண்ட கோப்பரகேசரி" என்ற இடத்தில்தான் அந்த நீண்ட அடுக்குக்கு வினை கிடைக்கிறது.

அந்த வினை ஒரே ஒரு கொண்ட. முடியும் ஆரமும் கையில் எடுத்துவரக்கூடிய பொருள்கள். கடாரத்து நகரின் போர்வாயிலில் இருந்த விச்சாதிரத் தோரணமும், மணிகள் பதித்த கதவுகளும் பெயர்த்து எடுத்துவரக்கூடியவை. கடாரமோ துறைமுக நகரம், அதைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. ஆனாலும் எல்லாம் ஒரே வினைக்குச் செயப்படுபொருளாக நிற்கின்றன. கதவைக் கொண்டதும் நாட்டைக் கொண்டதும் இலக்கணத்தில் ஒன்றே. படித்து முடித்ததும் எல்லாமே எடுத்துக்கொண்டு போய்விட்டதைப் போன்ற உணர்வு ஏற்படுவதற்கு இந்த அமைப்பே காரணம். மெய்க்கீர்த்தி இயற்றிய புலவர் மொழியை நன்றாகவே அறிந்தவர்.

ஆனால் அதே வாக்கியத்தில் ஓர் இடத்தில் அந்தப் புலவர் வேறு வினையைக் கையாள்கிறார். கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சொல்லும்போது, அவனை யானைப்படையோடு அகப்படுத்து என்கிறார். அகப்படுதல் என்றால் உள்ளே சிக்குதல். அகப்படுத்துதல் என்றால் சிக்கவைத்தல், சிறைப்பிடித்தல். ஊருக்கும் பொருளுக்கும் கொண்ட, உயிருள்ள மனிதனுக்கு அகப்படுத்து. தடுமாறாமல் செய்யப்பட்ட இந்த வேறுபாடு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. மனிதனைச் சிறைப்பிடித்தவனுக்குத் தமிழில் துல்லியமான சொல் வேண்டுமென்றால், கொண்டான் என்பதைவிட அகப்படுத்தியவன் என்பதே இந்தக் கல்வெட்டின் வழியில் பொருத்தமானது.

அப்படியானால் கடாரத்தைக் கொண்ட பிறகு என்ன நடந்தது? கடாரமும் சோழநாடும் அதற்கு முன்பே ஒன்றையொன்று அறிந்தவை. இராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பியதையும், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாக அளிக்கப்பட்டதையும் பெரிய லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. 1025-க்குப் பிறகும் கடாரத்தில் அரசர்கள் இருந்தார்கள். 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராஜேந்திரன், தன்னிடம் அடைக்கலம் புகுந்த ஒரு மன்னனுக்காகக் கடாரத்தை வென்று அவனுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறான். 1090-இல் முதலாம் குலோத்துங்கனிடம் கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து, நாகப்பட்டின விகாரங்களுக்குரிய நிலத்தின் வரியைப் பற்றி விண்ணப்பித்ததைச் சிறிய லெய்டன் செப்பேடுகள் காட்டுகின்றன. தஞ்சையிலோ மதுரையிலோ போல வரி வாங்கி, அதிகாரி நியமித்து, நிலம் அளந்து நடந்த ஆட்சி இது என்று நினைக்க இவை இடம் தரவில்லை. கடல்கடந்து போய், வென்று, செல்வத்தை எடுத்து, அரசனைப் பணியவைத்துத் திரும்பிய பெரும் படையெடுப்பு என்பதே கொண்டான் என்பதற்கு இங்கே பொருந்தும் விளக்கம். இதைச் சொல்வதால் இராஜேந்திரனின் பெருமை எள்ளளவும் குறையாது. வங்கக்கடலைக் கடந்து அவ்வளவு பெரிய கப்பற்படையை அந்நாளில் செலுத்துவதற்கு எத்தகைய ஏற்பாடு வேண்டியிருந்திருக்கும் என்பதை நினைத்தாலே போதும்.

கங்கை கொண்டான் என்ற பட்டமும் இதே கதைதான். சோழப்படை வடக்கே சென்றது, தோற்ற மன்னர்களின் தலைகளில் கங்கைநீர் சுமந்து கொண்டுவரப்பட்டது, புதிய தலைநகருக்கு அருகில் வெட்டிய சோழகங்கம் என்ற ஏரியில் அது சேர்க்கப்பட்டது. அந்த ஏரியை நீராலான வெற்றித்தூண் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. இங்கே கொள்ளப்பட்டது ஆற்றின் நீர். ஆறு இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தத் தலைநகரின் பெயர் கங்கைகொண்டசோழபுரம்; இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. பட்டங்கள் ஊர்ப்பெயர்களாவதும் சோழநாட்டின் வழக்கம். திருவாரூருக்கு அருகே கிடாரங்கொண்டான் என்றோர் ஊர் உண்டு. கடாரம் என்பதன் மகரம் ககரத்திற்கு முன் ஙகரமாகத் திரிந்து, ஐ உருபு மறைந்து நிற்கும் பெயர் அது. திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டானும், திருவாரூர் மாவட்டத்து முடிகொண்டானும் அப்படியே.

கொள்ளுதலுக்குப் பிறகு என்ன செய்தான் என்பதையும் சேர்த்தே பட்டத்தில் பொறித்துக்கொண்ட மன்னன் ஒருவன் இருந்தான். 1216-இல் முடிசூடிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் அழித்துச் சோழநாட்டைக் கைப்பற்றினான். பிறகு அதைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்தான். அவனுடைய கல்வெட்டுகள் அவனைச் சோணாடு கொண்டருளிய என்றும், சோணாடு வழங்கியருளிய என்றும் சொல்கின்றன. கொண்டான் என்ற சொல் வைத்திருத்தலையும் தானாகவே உணர்த்தியிருந்தால், இரண்டாவது அடைமொழிக்குத் தேவையே ஏற்பட்டிருக்காது.

நம் தீவையே வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1786 ஆகஸ்டு 11-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இதனை எடுத்துக்கொண்டார். கெடா சுல்தானோ, தமக்குப் படைத்துணை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் இடம் கொடுத்தவர். துணை கிடைக்கவில்லை. 1791-இல் தீவை மீட்க அவர் செய்த முயற்சி தோற்று, ஆண்டுக்கு 6000 ஸ்பானிய டாலர் என்ற உடன்படிக்கையில் முடிந்தது. வாங்கினார், பெற்றார், பறித்தார், ஏமாற்றினார் என்று ஒவ்வொரு வினையும் இதில் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொள்ளும். பினாங்கு கொண்டார் என்று எழுதினால் மட்டும் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அடங்குவதாலேயே எதுவும் வெளியே தெரியாமலும் போகும்.

கொள்ளப்பட்டவர்களின் பேச்சைக் கேட்டால் வேறு சொற்களே வருகின்றன. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பினாங்கைப் பிடித்தது. அடுத்த ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களின் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது சொல்வது, "ஜப்பான்காரன் பிடிச்சிக்கிட்டுப் போனான்" என்பது. இந்தச் சொற்களைப் பிரித்துப் பாருங்கள்: பிடித்து, கொண்டு, போனான். முன்னே பிடி என்ற வினை கையின் வலுவைச் சொல்கிறது. நடுவே கிட்டு என்று தேய்ந்த கொண்டு, அவன் தனக்காக எடுத்துக்கொண்டதைச் சொல்கிறது. போனான் என்பது பிரிவைச் சொல்கிறது. கடாரம் கொண்டான் என்பதில் தலைமை வினையாக நின்ற அதே கொள், இங்கே துணைவினையாக ஒடுங்கிவிட, பிடித்தல் முன்னுக்கு வந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவர்கள் அவனைக் கொண்டான் என்று தனியே சொல்லி நான் கேட்டதில்லை.

இன்றைய எழுத்தில் என்ன சொல்லை எங்கே எழுதுவது என்று கேட்கும் மாணவர்களுக்கு, நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். ஊர், கோட்டை, பொருள் ஆகியவற்றை எடுத்தவருக்குக் கைப்பற்றியவர் என்று எழுதலாம். போரில் ஆளைப் பிடித்தவருக்குச் சிறைப்பிடித்தவர். வழியில் மறித்தோ வீடு புகுந்தோ ஆளைத் தூக்கிச் சென்றவருக்குக் கடத்தியவர். ஆளை வைத்து நிபந்தனை பேசுபவருக்குப் பிணை பிடித்தவர். மனத்தை ஈர்ப்பவருக்குக் கவர்ந்தவர். சம்பந்தர் தம் முதற்பதிகத்திலேயே இறைவனை உள்ளங்கவர் கள்வன் என்று அழைத்துவிட்டார். கொண்டவர் என்பதைத் தனியே எழுதினால் இன்றைய வாசகர் கணவரையே முதலில் நினைப்பார். அதற்கு முன்னே எதைக் கொண்டார் என்பதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். கட்டுரையில் கடாரம் கொண்டான் என்ற பட்டத்தை எழுதும் மாணவர், அடுத்த வாக்கியத்தில் சோழர் கெடாவை ஆண்டார்கள் என்று எழுதுவதற்குப் பதிலாக, சோழரின் கப்பற்படை கடாரத்தை வென்று, அதன் அரசனைச் சிறைப்பிடித்து, செல்வத்தை எடுத்துச் சென்றது என்று எழுதினால், அது கல்வெட்டு சொல்வதற்கு ஒத்ததாக இருக்கும்.